பக்கத்தில் நின்றவன்

ஜூன் 2, ஞாயிறு

ஒரு டைல்ஸ் கம்பெனிக்காரர் எங்கள் அலுவலகத்துக்குக் கொடுத்த நாட்குறிப்பு இது. ஐந்து மாதமாக யாரும் தொடாமல் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டேன்.

தென்காசியிலிருந்து திருச்சிக்கு வந்து பத்து நாள் ஆகிறது. உறையூரில் மாடி வீடு. வேலை அதேதான், கட்டட வரைபடம் போடுவது. கம்பெனி மட்டும் பெரியது. கோமதிக்கு இடம் பிடித்திருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. எட்டு வயது மித்ரா பழைய பள்ளித் தோழிகளின் பெயரை வரிசையாக எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். நாலு வயது விசாகன் தினமும் காலையில் "நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?" என்று கேட்கிறான். அதனால் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் எங்காவது வெளியே கூட்டிப்போவேன். அதற்காகவே பழைய வெள்ளைக் கார் ஒன்றும் வாங்கியாயிற்று.

இன்று பெட்டிகளைப் பிரித்தோம். இரும்புப் பெட்டியில் முழங்காலை இடித்துக்கொண்டேன். புது வீடு, பழக வேண்டும்.

ஜூன் 9, ஞாயிறு

வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. விசாகன் கத்திக் கத்தி ஓடினான். என் தோளில் ஒன்று வந்து உட்கார்ந்ததாம். பிள்ளைகள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். நான் திரும்புவதற்குள் பறந்துவிட்டது. "இங்க பாருங்கப்பா, இங்க, இங்க" என்று விசாகன் காட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். பூச்சி வேகமாகப் பறக்கக்கூடியது, யார் பார்த்தாலும் அப்படித்தான்.

ஜூன் 12, புதன்

ஸ்டூலைக் கூடத்தின் நடுவில் போட்டது யார் என்று சத்தம் போட்டேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

மலைக்கோட்டை. மேலே போய்க் காற்று வாங்கலாம் என்றுதான் போனோம். ஆனால் படிகள் பாறையைக் குடைந்த மாதிரி உள்ளே போகின்றன. வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே இல்லை. இருட்டுக்கூட இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். விசாகன் என் தோளில் இருந்தான். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடித் தேடி ஏறினேன். பின்னால் வந்த கூட்டம் உச்சுக்கொட்டியது. "அப்பா, ஏன் நிக்கீங்க?" என்று விசாகன் என் தலைமுடியைப் பிடித்து ஆட்டினான். கீழே விழுந்தால் அவன் தலைதான் முதலில் பாறையில் படும் என்பது மட்டுமே என் மனதில் ஓடியது.

அப்போது மித்ரா என் சுண்டுவிரலைப் பிடித்தாள். அவள் பயந்துபோய்ப் பிடித்திருக்கிறாள் என்று நினைத்து அவளைத் தைரியப்படுத்தினேன். அவள் முன்னால் ஏறினாள்.

இறங்கும்போது விசாகனைக் கோமதி வாங்கிக்கொண்டாள். எனக்கு மூச்சு வாங்குகிறதாம், அதனாலாம்.

ஜூன் 21, வெள்ளி

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால் என்ன எழுதுகிறீர்கள் என்ற கேள்வி வரும்.

கீழே கண்ணாடிக் கடை இருக்கிறது. சும்மா போய்ப் பார்த்தேன். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரைக்கும் தடங்கலில்லாமல் படித்தேன். உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை சார் என்று கடைப்பையன் சொன்னான். வரைபடத்தில் முடியளவு கோட்டையும் நான்தான் முதலில் கண்டுபிடிக்கிறேன். பிறகென்ன.

மாமா விஷயம் வேறு.

ஜூன் 30, ஞாயிறு

மழைத்தூறல். வெளியே போகவில்லை. கோமதி கூடத்தில் பெரிய பல்பு மாட்டச் சொன்னாள். மாடிப்படி ஒவ்வொன்றின் விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறாள். பிள்ளைகள் தடுக்கிவிழக் கூடாதாம். ஸ்டூல், பள்ளிக்கூடப் பை, விளையாட்டுச் சாமான் எதுவும் இப்போது தரையில் கிடப்பதில்லை. கோமதிக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 7, ஞாயிறு

பிள்ளைகளுக்கான கார்ட்டூன் படம். மித்ராவுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிவிட்டுத் தாமதமாக உள்ளே போனேன். படம் ஆரம்பித்துவிட்டது. வரிசையின் ஓரத்திலேயே நின்றேன். இவர்கள் எங்கே என்று தெரியவில்லை. குத்துமதிப்பாக நடந்து காலியிடம் என்று நினைத்து உட்கார்ந்தேன். ஒரு அம்மாளின் மடி. அவர் போட்ட சத்தத்தில் நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. அவர் கணவர் எழுந்து என் சட்டைக் காலரைப் பிடித்தார். கோமதி எங்கிருந்தோ வந்து, இருட்டில் தடுமாறிட்டாங்க, மன்னிச்சுக்கிடுங்க என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

படம் முழுக்க எதையும் பார்க்கவில்லை. விசாகன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஜூலை 10, புதன்

மாமாவைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதினால் தலைக்குள்ளிருந்து இறங்கும்.

என் அம்மாவின் தம்பி. கோமதியின் அப்பா. முதலில் மாலைக்கண் என்றார்கள். ஈரல் வாங்கிச் சமைத்துப் போட்டார்கள், முருங்கைக்கீரை போட்டார்கள். பிறகு பக்கவாட்டில் வருகிறவர்களைத் தெரியாமல் போனது. நாற்பத்தைந்து வயதில் முழுக்கப் போய்விட்டது. சிறு வயதில் நாங்கள் அவருக்குப் பக்கத்தில் சத்தம் காட்டாமல் போய் நிற்போம். கண்டுபிடிக்கிறாரா என்று பார்ப்போம். அவர் கண்டுபிடிக்கமாட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன்.

எனக்கு முப்பத்தெட்டு முடிந்துவிட்டது. எனக்கு அதெல்லாம் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

முக்கொம்பு. நல்ல நாளாகத்தான் இருந்தது. ஊஞ்சல், சறுக்கு, சுண்டல். நாலு மணிக்கே கிளம்பலாம் என்று கோமதி மூன்று முறை சொன்னாள். பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். வெளியே வரும்போது ஆறரை.

கரையோரச் சாலை. மரங்கள் இரண்டு பக்கமும். எதிரில் வருகிற விளக்கைத் தவிர வேறெதுவும் இல்லை. இடது பக்கம் ஏதோ உரசிய சத்தம் கேட்டது. கோமதி "அத்தான்" என்றாள். நிறுத்தினேன். ஒரு பெரியவர், சைக்கிளோடு புளியமரத்தடியில் சாய்ந்து கிடந்தார். தானாக எழுந்துவிட்டார். அடி ஒன்றுமில்லை, முழங்கையில் சிராய்ப்பு. என்னைத் திட்டவில்லை. பின்சீட்டில் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, பார்த்துப் போங்க தம்பி என்று மட்டும் சொன்னார்.

சைக்கிளில் விளக்கில்லை. அதுதான் காரணம். ஆனால் சைக்கிளை நான் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை. கடைசி நொடியில்கூடப் பார்க்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

கோமதி கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ஏன், நான் செத்தா போய்விட்டேன் என்று கேட்டேன். இப்படிப் பேசுகிற ஆள் இல்லை நான். அவள் தோசைக்கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு மித்ராவுக்குச் சடை பின்னப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கோமதி விசாகனுக்குக் கொலுசு வாங்கிப் போட்டிருக்கிறாள். நிறைய சலங்கை வைத்தது. நாலு வயசு ஆம்பளைப் பிள்ளைக்குக் கொலுசு எதற்கு என்றேன். அழகாகத்தான் இருக்கிறது என்கிறாள். வீடு முழுக்கச் சலசல என்று ஓடுகிறான். அவன் எங்கே இருக்கிறான் என்று பார்க்கவே வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

அலுவலக வேலையாக மதுரை போய் வந்தேன். வெயில் அதிகம்.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. மித்ரா பள்ளியில் கொடியேற்றிவிட்டு மிட்டாயோடு வந்தாள்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

எங்கும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னேன். விசாகன் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இன்றும் போகவில்லை. வண்டி ஓட்டாதே என்று ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்? ராத்திரியில் ஓட்டாதே என்றுதானே அர்த்தம். பட்டப்பகலில், தெரிந்த சாலையில், மெதுவாக ஓட்டினால் என்ன? நேராகப் பார்த்தால் எனக்கு எல்லாம் தெரிகிறது. எதிரில் வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்கிறேன். அடுத்த வாரம் கல்லணை.

செப்டம்பர் 1, ஞாயிறு

இதை மேஜையில் உட்கார்ந்து, வீட்டிலேயே, கோமதி பார்க்கும்படி எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கே கிளம்பினோம். கிளம்பும்போது விசாகனின் கொலுசைக் கழற்றிவைத்தேன். பள்ளியில் பொம்பளைப் பிள்ளை என்று கேலி செய்கிறார்களாம், அவனே அழுதான். கோமதி அதைக் கவனிக்கவில்லை, சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

கல்லணையில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் நின்று பேசினாலே கேட்காத இரைச்சல். மித்ராவைக் கோமதி கழிப்பறைக்குக் கூட்டிப்போனாள். போகும்போது, அவன் கைய விட்றாதிய என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் விசாகனோடு மீன் வறுவல் விற்கும் அம்மாவின் தள்ளுவண்டியருகே நின்றேன். மீன் கேட்டான். சட்டைப்பையிலிருந்து பணம் எடுக்க அவன் கையை விட்டேன். எண்ணி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கையை நீட்டினேன். அவன் கை அங்கே இல்லை.

இடது பக்கம் பார்த்தேன். வலது பக்கம் பார்த்தேன். சிவப்புச் சட்டை போட்டிருந்தான். சிவப்பு எங்கும் இல்லை. விசா, விசா என்று கூப்பிட்டேன். இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பத்தடி தள்ளிப் படித்துறை இறங்குகிறது. அதன் கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அவன் அங்கேதான் போயிருப்பான் என்று தோன்றியதும் ஓடினேன். யார் மேலோ மோதினேன். படிகளில் இறங்கினேன். தண்ணீர்மேல் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் பார்க்க முடிந்தது. இங்கே பார்த்தால் அங்கே விட்டுப்போகிறது, அங்கே பார்த்தால் இங்கே. இந்தப் பார்வையை வைத்துக்கொண்டு ஒரு ஆற்றை எப்படித் தேடுவது?

அப்போது பின்னால் ஒரு அலறல். திரும்பினேன். பாசி படிந்த படியில் விசாகன் சறுக்கி, இரண்டு கால்களும் தண்ணீருக்குள் இருக்க, அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மீன் விற்கிற அம்மா மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவனைத் தூக்கி என்னிடம் கொடுக்கவில்லை. தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"ஏன்யா, கண்ணு தெரியாதா உனக்கு? புள்ள உன் காலடியிலதான நின்னுச்சு. நீ பாட்டுக்கு ஓடுற. அது அப்பா அப்பான்னு உன் பின்னாடியே ஓடியாருது."

அவன் என்னை விட்டு எங்கும் போகவில்லை. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு என் கால் பக்கத்திலேயே இருந்திருக்கிறான். அவனைத் தண்ணீருக்கு இழுத்துப்போனது நான்தான்.

கோமதி வந்தாள். அந்த அம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கோமதி அழவில்லை, என்னைத் திட்டவில்லை. விசாகனின் ஈரக்கால்களைத் தன் முந்தானையால் துடைத்தாள். கொலுசு இல்லாததை அப்போதுதான் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவியக் குடுங்க அத்தான்."

காரை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தோம். விசாகன் வழியெல்லாம் என் மடியில் தூங்கினான். நான் ஜன்னல் வழியே பார்க்கவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

விடுப்பு எடுத்தேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போனபிறகு கோமதி அடுக்களைத் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு வெங்காயம் உரித்தேன். பிறகு சொன்னேன். மதுரைக்கு அலுவலக வேலையாகப் போகவில்லை, கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று.

"தெரியும். சட்டையத் துவைக்கும்போது பையில சீட்டு இருந்துச்சு. காயவச்சுத் திரும்ப உங்க பையிலயே வச்சேன்."

அதற்கு முன்பே தெரியுமாம். தென்காசியிலேயே தெரியுமாம். ஒருநாள் சாயங்காலம் அவள் நீட்டிய காப்பி டம்ளரை நான் காற்றில் தேடியபோதே தெரிந்துவிட்டதாம். பத்து வயது வரை அவள் காலிலும் சலங்கைக் கொலுசு கிடந்ததாம். அவள் எங்கே இருக்கிறாள் என்று மாமாவுக்குத் தெரிய வேண்டுமே. பல்பு, டேப், காலியான தரை எல்லாம் எனக்காகத்தான்.

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் வாயத் திறந்து சொல்லல. நீங்களாவது சொல்லுவியன்னு இருந்தேன். அது மட்டுமில்ல. நான் கேட்டா அது நெசமாயிரும்லா."

வெங்காயத் தோலை ஒன்றாகக் கூட்டினாள்.

"தெரிஞ்சும் பிள்ளைகள அந்த வண்டியில ஏத்துனது நான்தான் அத்தான். நேத்து அவன் போயிருந்தா நீங்க மட்டும் கொன்னதா ஆகாது."

அவள் கையைப் பிடித்தேன். இரண்டு பேர் கையும் வெங்காயம். அதனால்தான் அழுகிறோம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்

மதுரையில் நடந்ததை இப்போது எழுதலாம்.

ஒரு பெரிய கிண்ணம் போன்ற கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுவில் புள்ளியைப் பார்க்க வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். நான் காத்திருந்தேன். எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். பாதி முடிந்துவிட்டது சார் என்றார் அந்தப் பெண்.

விழித்திரை ஓரத்திலிருந்து உள்நோக்கி அழிந்துவருகிறதாம். மருந்து கிடையாது. நடுப்பார்வை இன்னும் சில வருடம் இருக்கலாம், பத்து வருடம்கூட இருக்கலாம். வண்டி ஓட்டவே கூடாது என்றார் டாக்டர். பகலிலும்தான். அவர் தெளிவாகத்தான் சொன்னார். நான்தான் வேறு மாதிரி எழுதிவைத்தேன்.

இன்னொன்றும் சொன்னார். அதை இங்கேயும் எழுத வரவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

விசாகனோடு ஒரு விளையாட்டு. விளக்கை அணைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் கோலிக்குண்டை உருட்டிவிடுகிறேன். அவன் தவழ்ந்துபோய் எடுத்துவர வேண்டும். நேற்று ஐந்து முறையில் ஐந்தும் எடுத்தான். இன்று மூன்று.

செப்டம்பர் 13, வெள்ளி

நான்கு.

செப்டம்பர் 15, ஞாயிறு

பந்தைப் பக்கவாட்டிலிருந்து போட்டுப் பார்த்தேன். மித்ரா எல்லாவற்றையும் பிடித்தாள். விசாகன் இரண்டை விட்டான். நாலு வயதுப் பிள்ளை பந்தை விடத்தானே செய்யும்? மூன்றாவது பந்து அவன் காதில் பட்டது, அழுதான்.

மித்ரா பந்தை எடுத்து வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். அம்மாவிடம் போய், அப்பா விளையாடல, தம்பிய டெஸ்ட் பண்றாங்க என்று சொல்லிவிட்டாள்.

கோமதி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். இது பிறவியிலேயே வருவது. அப்பாவிடமிருந்து ஒரு பிழை, அம்மாவிடமிருந்து ஒரு பிழை, இரண்டும் சேர்ந்தால்தான் நோய். என்னிடம் இரண்டும் இருக்கின்றன. மாமாவின் மகள் என்பதால் கோமதியிடம் கட்டாயம் ஒன்று இருக்கும். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி.

கூடத்தில் பிள்ளைகள் இருவரும் ஏதோ சண்டை போட்டுக்கொண்டு, உடனே சிரித்தும் கொண்டிருந்தார்கள். அவர்கள் சத்தம் ஓய்ந்தபிறகுதான் கோமதி கேட்டாள், எந்தப் பாதி என்று.

அக்டோபர் 5, சனி

நாலு பேரும் மதுரை. ரத்தம் எடுத்தார்கள். மித்ரா கண்ணை மூடாமல் ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். விசாகனை இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அழுது முடித்ததும், நாம எங்க டூர் வந்திருக்கோம் என்று கேட்டான். ஜிகர்தண்டா வாங்கிக்கொடுத்தேன். நாக்கை நீட்டி நீட்டிக் காட்டினான்.

முடிவு வர ஆறு வாரம் ஆகும்.

அக்டோபர் 16, புதன்

கோமதி கார் ஓட்டப் பழகுகிறாள். எட்டுப் போட வரவில்லையாம், கோபமாக வந்தாள்.

அக்டோபர் 24, வியாழன்

சாப்பிடும்போது மித்ரா கேட்டாள். "எனக்கும் உங்கள மாதிரி வருமாப்பா?" தெரியாது என்றேன். வராது என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்லிச் சொல்லித்தான் கல்லணை வரைக்கும் போனோம். அவள் ரசத்தைக் குடித்துவிட்டு, வந்தா தம்பிக்கு வராதுல்ல என்றாள். ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் வரும் என்று நினைத்திருக்கிறாள். அப்படி இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விசாகன் கம்பி மத்தாப்பைச் சுற்றினான். பக்கத்தில் போகாதிய என்று கோமதி என்னை நிறுத்திவைத்தாள். சட்டென்று மத்தாப்பு அணைந்துபோனது. அவன் கொஞ்சம் தடுமாறி என் பக்கம் வந்தான். யாருக்கும் அப்படித்தான் இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இருட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான்.

இந்த மாதிரி வாக்கியம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு இப்போது தெரியும்.

நவம்பர் 15, வெள்ளி

ஆறு வாரம் நாளையோடு முடிகிறது. போன் அடித்தால் இரண்டு பேரும் எடுப்பதில்லை. மித்ராதான் ஓடிப்போய் எடுக்கிறாள். இன்று அடித்தது கேஸ்காரர்.

நவம்பர் 19, செவ்வாய்

மித்ராவுக்கு இல்லை.

விசாகனுக்கு இருக்கிறது.

நவம்பர் 22, வெள்ளி

டாக்டர் நிறைய நேரம் பேசினார். இப்போது அவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் பார்வையோடே முடியலாம். அதற்குள் மருந்து வந்தாலும் வரலாம். உங்களுக்குக் கிடைக்காத இருபது வருடம் அவனுக்கு இருக்கிறது என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கோமதி சொன்னாள், எங்கப்பாவும் நீங்களும் மறைச்சு மறைச்சு வாழ்ந்திய, இவன் அப்படி வாழக் கூடாது என்று. எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

அவன் ஜன்னலோரம் உட்கார்ந்து மாடுகளை எண்ணினான். பதினேழு வரை எண்ணினான். எல்லா மாடும் அவனுக்குத் தெரிகிறது. நான் ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் நடுங்கினேன்.

டிசம்பர் 2, திங்கள்

மடக்குக் கோல் வாங்கினேன். வெள்ளை நிறம், நுனியில் சிவப்பு. அதைத் தரையில் இடம் வலமாகத் தட்டி நடக்க ஒரு டீச்சர் சொல்லித்தருகிறார். வீட்டுக்குள் சரி. தெருவில் அதை விரித்துப் பிடிக்க இன்னும் கூச்சமாக இருக்கிறது. இன்று வாசல்வரை போய் மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயணம். ரயிலில் காரைக்கால். பிள்ளைகள் இருவரும் கடலைப் பார்த்ததே இல்லை. கோமதி எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டினாள். மித்ரா ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் எழுதிக்கொண்டே வந்தாள்.

மழை விட்டு நல்ல வெயில். கடற்கரையில் கூட்டம் இல்லை. மணல் மேடும் பள்ளமுமாக இருந்ததால் கோலை விரித்தேன். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். முதுகெல்லாம் வியர்த்தது.

பிள்ளைகள் அலையில் கால் நனைத்தார்கள். எனக்குப் பழைய பயம் வந்தது. கோமதி இரண்டு கைகளிலும் இருவரையும் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் விசாகன் என்னிடம் வந்து கோலைக் கேட்டான். விளையாடணும் என்றான்.

கொடுக்க முடியவில்லை. என் கை அதை விடவில்லை. இது விளையாட்டுச் சாமான் இல்லடா என்றேன். என் குரல் வேறு மாதிரிக் கேட்டிருக்க வேண்டும், அவன் முகம் சுருங்கியது. கோமதி என்னைப் பார்த்தாள், பிறகு கடலைப் பார்த்தாள்.

இன்று நான் கொடுக்காவிட்டால், அவன் அதைப் பயப்பட வேண்டிய பொருள் என்று கற்றுக்கொள்வான். அதை நினைத்துத்தான் கொடுத்தேன். வேறு தைரியம் ஒன்றும் எனக்கில்லை.

அவன் மித்ராவோடு தூரமாக ஓடினான். அங்கே நின்று கண்ணை இறுக்க மூடிக்கொண்டான். கோலை நீட்டி, நான் செய்கிற மாதிரியே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மணலில் தட்டிக்கொண்டு என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தான். மித்ரா அலை இருக்கும் பக்கமாகக் கூடவே நடந்து, நேரா வா, நேரா வா என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கோமதி வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்குத் தூரத்தில் இருப்பதுதான் முழுசாகத் தெரியும். அங்கே அவன் தலையிலிருந்து கால்வரை, கோலோடு, அக்காவோடு, பின்னால் கடலோடு முழுசாகத் தெரிந்தான். கிட்டே வர வர ஒவ்வொன்றாகப் போனது. முதலில் கடல் போனது. பிறகு மித்ரா போனாள். அவன் கால்கள் போயின. கோல் போனது. என் முன்னால் வந்து நின்றபோது அவன் முகம் மட்டும்தான் இருந்தது, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டு.

"கண்ணத் திறக்காமலே வந்துட்டேன், பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன்டா."

கோலின் நுனி என் பாதத்தில் இடித்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை, இன்னும் தூரத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவன் திரும்பி ஓடினான்.